பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பார்சல் அனுப்புவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வேலூர்ப் பக்கம் பல ஊர்களில் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது பட்டாளத்துக்காரர் இருப்பார். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டையும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது என் தம்பி சர்வீஸில் இருக்கிறான். அதனால் தீபாவளி, பொங்கல் நெருங்கினாலே "அக்கா, பையனுக்கு ஒரு பார்சல் போடணும்" என்று யாராவது வந்து நிற்பார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். புதிதாகப் பிள்ளையை அனுப்பிவிட்டுத் தவிக்கும் வீடுகளுக்கு உதவட்டும் என்று, அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன்.

"அட்ரஸ்ல ஊர் பேரே இல்லையே அக்கா. 56 ஏ.பி.ஓ.ன்னு மட்டும் இருக்கு. இது எந்த ஊரு?"

அது ஊரே இல்லை. ஏ.பி.ஓ. என்றால் ஆர்மி போஸ்ட் ஆபீஸ். 56 ஏ.பி.ஓ. என்று எழுதிய தபால் எல்லாம் முதலில் டெல்லியில் இருக்கும் ராணுவ மத்தியத் தபால் நிலையத்துக்குப் போகும். 99 ஏ.பி.ஓ. என்றால் கொல்கத்தாவில் இருப்பதற்குப் போகும். பொதுவாக வடக்கிலும் மேற்கிலும் இருக்கும் யூனிட்டுகளுக்கு 56, கிழக்கிலும் வடகிழக்கிலும் இருப்பவற்றுக்கு 99. அங்கே ராணுவத் தபால்காரர்களே பின்கோடைப் பார்த்துப் பிரித்து அந்தந்த யூனிட்டுக்கு அனுப்புவார்கள். இதற்கென்றே 1972 முதல் ராணுவத்தில் தனித் தபால் பிரிவு இருக்கிறது. நம் அஞ்சல் துறையிலிருந்து டெபுடேஷனில் போனவர்களும் அதில் வேலை பார்க்கிறார்கள்.

பின்கோடைக் கவனியுங்கள், 9-ல் ஆரம்பிக்கும். நம் ஊர் பின்கோடு இடத்தைச் சொல்லும், இது யூனிட்டைச் சொல்லும். யூனிட் காஷ்மீரிலிருந்து ராஜஸ்தானுக்கு மாறினாலும் எண் கூடவே போகும். ஊர் பெயர் இல்லாததும் அதற்காகத்தான். எந்தப் படை எங்கே நிற்கிறது என்பது கவரைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது.

"சரி, அப்போ பெட்டி மேல சரியா என்னென்ன எழுதணும்?"

அவருடைய படை எண், ரேங்க், முழுப் பெயர், கம்பெனி அல்லது பேட்டரி (யூனிட்டுக்குள் அவர் இருக்கும் பிரிவு, பீரங்கிப் படையில் அதைப் பேட்டரி என்பார்கள்), யூனிட் பெயர், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ., கடைசியில் ஆறு இலக்கப் பின்கோடு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வழியில் பிரிக்கிறவர் எந்த மாநிலத்துக்காரராகவும் இருக்கலாம், அவருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. படை எண்ணை விட்டுவிடாதீர்கள். ஒரே யூனிட்டில் மூன்று மணிகண்டன் இருப்பதெல்லாம் சாதாரணம்.

"பையன் லே பக்கம்தான் இருக்கான்" என்று தெரிந்தாலும் லே, லடாக், ஸ்ரீநகர் என்று எதையும் சேர்த்து எழுதாதீர்கள். எழுதினால் பார்சல் சிவில் தபாலில் அந்த ஊருக்குப் போய் அலையும், இருக்கும் இடமும் வெளியே தெரிந்துவிடும். அனுப்புநர் முகவரியும் உங்கள் செல் நம்பரும் கண்டிப்பாக இருக்கட்டும். இன்னொரு துண்டுச் சீட்டில் இரண்டு முகவரியையும் எழுதிப் பெட்டிக்கு உள்ளேயும் போட்டுவிடுங்கள். மழையில் மேல் தாள் கிழிந்தாலும் உள்ளே இருப்பது காப்பாற்றும்.

"போஸ்ட் ஆபீஸ் எதுக்கு? கூரியர்ல போட்டா சீக்கிரம் போயிடுமே?"

போகாது. தனியார் கூரியர்காரர்களுக்கு ராணுவத் தபால் நிலையத்துக்குள் வழி கிடையாது. 56 ஏ.பி.ஓ. என்ற முகவரியைப் பார்த்ததுமே பலர் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தெரியாமல் வாங்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், அதுதான் இன்னும் மோசம். பார்சல் எங்கோ ஒரு கிடங்கில் கிடந்து, பட்சணம் கெட்டுத் திரும்பி வரும்.

நம் அரசாங்கத் தபால் நிலையம் ஒன்றுதான் வழி. ஸ்பீடு போஸ்டில் போடுங்கள், ரசீதை அவர் வாங்கிக்கொண்டேன் என்று சொல்லும்வரை பத்திரமாக வைத்திருங்கள். ஆன்லைனில் ஆர்டர் போட்டு நேராக அங்கே அனுப்பலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. பல கடைகளில் அந்தப் பின்கோடுக்கு டெலிவரி இல்லை என்று வந்துவிடும். பொருளை வீட்டுக்கு வரவழைத்து நீங்களே மறுபடி கட்டி அனுப்புவதுதான் நல்லது. மற்ற சாமான்களோடு ஒரே பெட்டியாகவும் போகும்.

"எத்தனை நாள்ல போய்ச் சேரும்? தீபாவளிக்குள்ள கிடைச்சிடுமா?"

ஸ்பீடு போஸ்ட் என்ற பெயரைப் பார்த்து நான்கு நாள் கணக்குப் போடாதீர்கள். டெல்லி அல்லது கொல்கத்தா வரைக்கும்தான் அந்த வேகம். அதற்கப்புறம் ராணுவத் தபால், யூனிட், அங்கிருந்து அவர்கள் காவல் நிற்கும் இடமான போஸ்டுக்குப் போகும் கான்வாய் வண்டி என்று கை மாறும். எல்லைக்குத் தள்ளி பீஸ் ஸ்டேஷனில் இருந்தால் இரண்டு வாரம், எல்லைப் பக்கம் ஃபீல்டில் இருந்தால் மூன்று நான்கு வாரம் என்று மனதில் வைத்துக்கொண்டு கட்டுங்கள். முன்னால் போனால் சந்தோஷம்.

தீபாவளிக்கு என்றால் ஒரு மாதம் முன்பே போட்டுவிடுவது என் பழக்கம். ஆயுத பூஜைக்கு முன்னால் போஸ்ட் ஆபீஸில் கூட்டமும் குறைவாக இருக்கும். பனிக்காலத்தில் சோஜிலா கணவாய் மூடிவிட்டால் லடாக் பக்கம் சாலை வழியே எதுவும் போகாது, விமானத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். வானிலை சரியில்லை என்றால் விமானமும் நிற்கும். பொங்கல் பார்சலை மார்கழி பிறப்பதற்குள் அனுப்பிவிடுங்கள்.

"ட்ராக்கிங்ல டெல்லி வரைக்கும் காட்டுச்சு, அப்புறம் அப்படியே நிக்குது. தொலைஞ்சிடுச்சா?"

தொலையவில்லை. இந்தப் பயம் வராத வீடே இல்லை. பார்சல் ராணுவத் தபாலின் கைக்குப் போனதும் நாம் பார்க்கும் ட்ராக்கிங் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் எந்த வண்டியில், எந்த மலையில் போகிறது என்று ஊருக்கே காட்ட மாட்டார்கள், காட்டவும் கூடாது. டெல்லி அல்லது கொல்கத்தா என்று காட்டினாலே போக வேண்டிய கைக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

மேலே சொன்ன நான்கு வாரமும் தாண்டி, அவரும் வரவில்லை என்று சொன்னால், ரசீதோடு நீங்கள் பார்சல் போட்ட போஸ்ட் ஆபீஸிலேயே புகார் எழுதிக் கொடுங்கள். அஞ்சல் துறையின் இலவச எண் 1800 266 6868. "உங்கள் பையன் பார்சல் மாட்டிக்கொண்டிருக்கிறது, பணம் கட்டினால் விடுவிப்போம்" என்று யாராவது போன் செய்தாலோ லிங்க் அனுப்பினாலோ ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் திருடன்தான்.

"அங்க சாப்பாடே சரியில்லையாம்மா? பாவம், என்ன அனுப்பட்டும்?"

சாப்பாட்டுக்குக் குறை வைக்க மாட்டார்கள். லங்கர் என்கிற ராணுவச் சமையற்கூடத்தில் ரொட்டி, சோறு, பருப்பு, காய், முட்டை, கறி எல்லாம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட் லங்கரில் இட்லி சாம்பாரே கிடைக்கும். மற்ற யூனிட்டுகளில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு நாக்கு ஏங்குவது காரத்துக்கும் புளிப்புக்கும்தான். வயிற்றை நிரப்ப நாம் அனுப்ப வேண்டியதில்லை. அங்கே கிடைக்கிற சோற்றை நம் வீட்டுச் சோறாக மாற்றுகிற பொருளை அனுப்பினால் போதும்.

அதனால் என் பட்டியலில் முதலில் வருவது பொடிகள். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி, பூண்டுப் பொடி. வெயிட் குறைவு, உடையாது, சிந்தாது, மாதக்கணக்கில் கெடாது. சுடு சோற்றில் போட்டுக் கொஞ்சம் நெய் விட்டால் முடிந்தது, சப்பாத்திக்கும் தொட்டுக்கொள்வார்கள். அடுத்து புளிக்காய்ச்சல். நல்லெண்ணெயில் நன்றாகச் சுண்டக் காய்ச்சியது மாதக்கணக்கில் நிற்கும். அப்புறம் சுக்குமல்லிக் காபித் தூள், பனங்கற்கண்டு, கடலை மிட்டாய், எள்ளுருண்டை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் தனித்தனிக் கவரில் வருவதால் பார்சலுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். நைட் டூட்டிக்குப் போகிறவர் இரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

சோப்பு, பேஸ்ட், பிஸ்கட், ஷாம்பு இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ராணுவக் கேன்டீனில் நம் கடையைவிடக் குறைந்த விலைக்கு வாங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அவரையே ஒரு வார்த்தை கேளுங்கள். "உனக்கு என்னடா வேணும்" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்மா" என்றுதான் சொல்வான். "பூண்டுப் பொடியா, தக்காளித் தொக்கா" என்று கேளுங்கள், பதில் வரும்.

"போன தடவை முறுக்கு அனுப்பினேன், தூள் தூளா போச்சாம். எப்படிக் கட்டுறது?"

முதலில் எந்தப் பலகாரம் என்று பாருங்கள். பெரிய கை முறுக்கு, தேன்குழல் இரண்டும் வழி தாங்காது. தட்டை, சீடை, சின்னச் சின்னதாகச் சுற்றிய முறுக்கு, காராச்சேவு தாங்கும். சுட்டதும் அவசரப்பட்டு டப்பாவில் போடாதீர்கள். உள்ளே ஆவி நின்றால் இரண்டே நாளில் நமத்துவிடும். தட்டில் பரப்பி நன்றாக ஆறட்டும், எண்ணெய் வடியட்டும். மழைக்காலத்தில் ஃபேன் காற்றில் வைத்தால் நல்லது.

கட்டுவதற்குப் பழைய பிஸ்கட் தகர டப்பா மாதிரி வேறு எதுவும் கிடையாது. அடியில் பட்டர் பேப்பர், அதன்மேல் ஒரு அடுக்குத் தட்டை, மறுபடி பேப்பர், மறுபடி அடுக்கு. சந்துகளில் பொரியைக் கொட்டி நிரப்புங்கள். பொரி முறுக்கை ஆடவிடாமல் பிடித்துக்கொள்ளும், அங்கே போனதும் அதையும் கடலையோடு கலந்து சாப்பிட்டுவிடுவார்கள். மூடிய பிறகு காதோரம் வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் இடம் இருக்கிறது, திறந்து நிரப்புங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அந்த டப்பாவை அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள்.

அட்டைப் பெட்டிக்கும் டப்பாவுக்கும் நடுவில் தமிழ்ப் பேப்பர், வார இதழ்களைக் கசக்காமல் மடித்துச் செருகுங்கள். அதைப் பிரித்து ராசிபலன் முதல் சினிமா விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிப்பார்கள். என் வீட்டுக்காரர் சர்வீஸில் இருந்தபோது பலகாரத்தைவிடப் பேப்பருக்குத்தான் முதலில் கை நீளுமாம். பெட்டி மொத்தமும் நான்கைந்து கிலோவுக்கு மேல் போக வேண்டாம். மலைமேல் இருக்கும் போஸ்டுக்குக் கடைசித் தூரம் அதை யாரோ ஒருவர் முதுகில்தான் சுமந்து போக வேண்டியிருக்கும்.

"தொக்கு, ஊறுகாய், நெய் அனுப்பலாமா? கவுன்டர்ல வாங்குவாங்களா?"

எண்ணெய் தளதளவென்று மிதக்கிற ஊறுகாயைக் கவுன்டரில் யோசிப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு பாட்டில் ஒழுகினால் பக்கத்தில் இருக்கும் பத்துப் பேர் தபால் பாழ். கெட்டியான தொக்கு என்றால் ஒழுங்காகக் கட்டிக் காட்டினால் எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். வாய் அகலமான தடித்த பிளாஸ்டிக் ஜாடி எடுத்து, தொக்கு முழுவதும் ஆறிய பிறகு நிரப்புங்கள். மேலே இரண்டு விரல் இடம் விட வேண்டும். வாயில் பிளாஸ்டிக் தாள் இழுத்துக் கட்டி, அதன்மேல் மூடியைத் திருகி, டேப் சுற்றி, இரண்டு கவருக்குள் போட்டு முடிச்சுப் போடுங்கள். எண்ணெய் கொஞ்சம் கசிந்தாலும் உள்ளேயே நிற்கும்.

நெய், நல்லெண்ணெய் தனியாகப் பாட்டிலில் அனுப்புவதைத் தவிர்த்துவிடுங்கள். அங்கேயே கிடைக்கும். போஸ்ட் ஆபீஸுக்குப் பெட்டியை முழுக்க ஒட்டாமல் எடுத்துப் போங்கள், பையில் டேப்பும் கத்தரிக்கோலும் இருக்கட்டும். உள்ளே என்ன என்று திறந்து பார்க்கக் கேட்டால் காட்டிவிட்டு அங்கேயே ஒட்டலாம்.

"பையன் சியாச்சின் பக்கம் போறான். குளிருக்கு எது தாங்கும்?"

லே நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. சியாச்சின் போஸ்டுகள் அதைவிடப் பல மடங்கு கஷ்டம், குளிர் மைனஸ் 50 டிகிரி வரைகூடப் போகும். அங்கே இரண்டு சிக்கல். ஒன்று, காற்றழுத்தம் குறைவு. நம் ஊரில் காற்றோடு சீல் வைத்த பாக்கெட் அங்கே போனதும் பலூனாக உப்பும், வெடிக்கவும் கூடும். அதனால் பொடிக் கவர்களில் காற்றை நன்றாக அழுத்தி வெளியே எடுத்துவிட்டு மூடுங்கள். இரண்டாவது, உறைவது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டியாகிவிடும். அதில் செய்த பலகாரம் அங்கே வாயில் மெழுகாக ஒட்டும். கடலை எண்ணெயில் சுடுங்கள்.

கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சை, முந்திரி, பாதாம் மாதிரி சின்னதாக, சத்துள்ளதாக, கையுறையோடு எடுத்து வாயில் போடக் கூடியதாக இருந்தால் மிகவும் நல்லது. குளிருக்கான உடுப்பு, சாக்ஸ், பூட்ஸ் எல்லாம் அங்கே ராணுவமே சிறப்பாகக் கொடுக்கிறது. திருப்பூர் பனியன் நல்ல துணிதான், ஆனால் அந்தக் குளிருக்கு அது காணாது. உதடு வெடிப்புக்கு வாசலைன் டப்பா, கைக்குத் தடவ க்ரீம் அனுப்புங்கள், உபயோகப்படும்.

"எங்க வீட்டுக்காரர் அருணாச்சல் பக்கம். அங்க எல்லாம் பூஞ்சை பிடிக்குதாம்?"

அந்தப் பக்கம் மழையும் ஈரமும்தான் எதிரி. தேங்காய் சேர்ந்த எதையும் அனுப்பாதீர்கள். பொடிக்குப் பருப்பை நிறம் மாறும்வரை வறுத்து, ஆறவைத்து அரைத்து, ஒரே கவரில் போடாமல் நூறு நூறு கிராமாகப் பிரித்துப் போடுங்கள். ஒன்றைத் திறந்தால் மற்றவை கெடாமல் இருக்கும். ராஜஸ்தான் பக்கம் என்றால் சாக்லேட், மைசூர்பாகு இரண்டும் உருகி வழியும். பால்கோவாவும் பால் இனிப்புகளும் எந்தப் பக்கமும் வேண்டாம்.

"எதெல்லாம் வைக்கவே கூடாது?"

பட்டாசு, தீப்பெட்டி, லைட்டர், சென்ட் ஸ்ப்ரே, நெயில் பாலிஷ், பவர் பேங்க், தனி பேட்டரி, சாராய வகை எதுவும் கூடாது. தபால் விமானத்திலும் போகிறது என்பதை மறக்க வேண்டாம். நம் வீடுகளில் யோசிக்காமல் வைத்துவிடும் இரண்டு பொருள் கற்பூரமும் கொப்பரையும். இரண்டும் தீப்பிடிக்கிற பொருள், அதனால் இரண்டையும் வைக்காதீர்கள். ரொக்கப் பணமும் வேண்டாம், இருக்கவே இருக்கிறது யு.பி.ஐ.

மாத்திரை, லேகியம் பற்றியும் கேட்கிறார்கள். யூனிட்டிலேயே டாக்டர் இருக்கிறார். உயரத்தில் உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்ளும், இங்கே கேட்டு வாங்கிய மருந்து அங்கே ஆபத்தாகக்கூட முடியலாம். தலைவலித் தைலம், இருமல் மிட்டாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"கருவாடுன்னா உயிரையே விடுவான். கொஞ்சூண்டு வைக்கட்டுமா?"

ஆசை புரிகிறது. ஆனால் மூன்று வாரம் மூட்டைகளுக்கு நடுவே கிடக்கிற பெட்டி அது. வாசனை பக்கத்துப் பார்சல்களிலும் ஏறும். எல்லாரும் சேர்ந்து தங்கும் பேரக்கில் சைவம் சாப்பிடுகிறவர்களும் பக்கத்துக் கட்டிலில் இருப்பார்கள். வறுத்து, அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்த கருவாட்டுப் பொடி என்றால் யாராவது கையில் கொடுத்தனுப்பலாம். தபாலில் வேண்டாம்.

"பழனி பிரசாதம், விபூதி வைக்கலாமா?"

தாராளமாக வையுங்கள். கோயிலே சீல் வைத்து விற்கும் பஞ்சாமிர்த டப்பா வழி தாங்கும், திறக்காமல் அப்படியே தொக்கு ஜாடி மாதிரி இரண்டு கவரில் சுற்றி வையுங்கள். விபூதி, குங்குமத்தைக் கோயில் பெயர் அச்சிட்ட பாக்கெட்டிலேயே விட்டுவிடுங்கள். பேர் ஊர் இல்லாத காகிதத்தில் வெள்ளைத் தூள் மடித்து வைத்தால் சோதிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். இதே காரணத்துக்காகத்தான் பருப்புப் பொடிக் கவர் மேலும் என்ன பொடி என்று ஆங்கிலத்தில் ஒட்டச் சொல்கிறேன்.

"நான் கஷ்டப்பட்டு அனுப்புறேன். இவன் எல்லாத்தையும் கூட இருக்கிறவங்களுக்கே குடுத்துடறான்!"

கொடுக்கத்தான் செய்வான். பார்சல் வந்துவிட்டது என்றால் பேரக்கே கூடும். பஞ்சாப்காரர் வீட்டுப் பின்னி உருண்டையும் மலையாளி வீட்டு வாழைக்காய் வறுவலும் உங்கள் பையனும் சாப்பிட்டுத்தான் இருப்பான். ராத்திரி டூட்டியில் முதுகைக் காக்கிறவர்கள் அவர்கள்தான். தனியாகச் சாப்பிடு என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்.

அதற்கேற்ற மாதிரி நாம் கட்டிவிடலாம். பகிர்வதற்கென்று தட்டை, கடலை மிட்டாய் நிறைய. அவனுக்கென்று அவன் கேட்ட ஒரே ஒரு பொருள், சின்ன டப்பாவில், அவன் பெயர் எழுதி. வடக்கத்திப் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள் என்று காரத்தைக் கொஞ்சம் குறைத்து ஒரு பொடி செய்தாலும் நல்லது.

"பக்கத்து ஊர்க்காரர் லீவு முடிஞ்சு அதே யூனிட்டுக்குப் போறார். அவர் கையில குடுத்து விடலாமா?"

கொடுக்கலாம், எல்லாவற்றையும்விட வேகமான வழி அதுதான். ஆனால் அவருக்கும் அவர் வீட்டில் ஒரு மூட்டை கட்டியிருப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று ரயில் மாறி, டிரான்சிட் கேம்ப்பில் தங்கி, எல்லாவற்றையும் தோளில் சுமந்துதான் அவர் போக வேண்டும். ஒரு கிலோவுக்குள் ஒரு பொட்டலம், அதுவும் அவரை முதலில் கேட்டுவிட்டு. அவர் விமானத்தில் போனால் மேலே சொன்ன தடைகள் எல்லாம் அவர் பெட்டிக்கும் பொருந்தும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் திறந்தே காட்டிக் கொடுங்கள். தெரியாத பொட்டலத்தைச் சுமக்க யாரையும் கேட்கக் கூடாது.

"பையன் அக்னிவீர், இப்போ ட்ரெயினிங்ல இருக்கான். இப்பவே அனுப்பலாமா?"

பயிற்சி மையங்களுக்கு வழக்கமான ஊர் முகவரியே உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் என்றால் நீலகிரி வெலிங்டன். அங்கே தபால் போவதில் சிக்கல் இல்லை. ஆனால் பயிற்சியில் இருக்கும் பையன்களுக்கு வெளிச் சாப்பாடு வைத்துக்கொள்ள எல்லா இடத்திலும் அனுமதி கிடையாது. பெட்டியைப் பரிசோதித்துத்தான் தருவார்கள். போனில் அவனையே கேட்டு, அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் சரி என்றால் மட்டும் அனுப்புங்கள். கடிதத்துக்கும் வீட்டுப் போட்டோவுக்கும் எங்கேயும் தடை கிடையாது, முதல் சில மாதம் அதுதான் அவனுக்கு அதிகம் தேவைப்படும்.

"எங்க பையன் நேவி. இன்னொருத்தன் சி.ஆர்.பி.எஃப். அவங்களுக்கும் 56 ஏ.பி.ஓ.வா?"

நேவியில் கப்பலில் இருப்பவர்களுக்குக் கப்பல் பெயரோடு, கேர் ஆஃப் ஃப்ளீட் மெயில் ஆபீஸ், மும்பை, விசாகப்பட்டினம் அல்லது கொச்சி என்று இருக்கும். கப்பல் கடலில் இருந்தால் பார்சல் கரையில் காத்திருக்கும், அதனால் கெடாத பொருளாகவே அனுப்புங்கள். ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன்களுக்குப் பெரும்பாலும் சாதாரண ஊர் முகவரிதான். அசாம் ரைஃபிள்ஸுக்கும் எல்லைச் சாலை அமைப்பில் வேலை செய்பவர்களுக்கும் 99 ஏ.பி.ஓ. முகவரி வருவதுண்டு. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். எல்லாம் ராணுவம் இல்லை, துணைப்படை. அவர்களுக்கு இடத்துக்கு இடம் மாறும். எதுவாக இருந்தாலும் அவர் எழுதிக் கொடுத்த முகவரியை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுவதுதான் சரி.

"பார்சலை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். தம்பி போன் பண்ணி சத்தம் போடறான். என்ன தப்பு?"

பலகாரத்தை மட்டும் எடுத்திருந்தால் தப்பே இல்லை. மேலே ஒட்டிய முகவரி தெரிந்தால்தான் தப்பு. அதில் அவருடைய படை எண், ரேங்க், யூனிட் எல்லாம் இருக்கிறது. "தம்பி அடுத்த மாசம் இந்த இடத்துக்குப் போறான்" என்று நாம் ஆசையாகப் போடும் ஒரு வரி, அவனோடு போகிற அத்தனை பேரின் பயணத்தையும் வெளியே சொல்லிவிடும். பிள்ளை எங்கே இருக்கிறான் என்று வீட்டுக்கே சொல்லாமல் இருந்தால் கோபப்படாதீர்கள். பார்சல் போய்ச் சேர அவன் இருக்கும் இடம் நமக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

"பார்சல் திரும்பி வந்துடுச்சு. அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பயமா இருக்கு."

அப்படி நினைக்காதீர்கள். திரும்பி வருவதற்குக் காரணம் அநேகமாக முகவரிதான். ஒரு எண் மாறியிருக்கும், அல்லது அவர் வேறு யூனிட்டுக்கு மாறியிருப்பார், கோர்ஸுக்குப் போயிருப்பார். அவருக்கு ஏதாவது என்றால் ராணுவம் நேரடியாக வீட்டுக்குத் தெரிவிக்கும், பார்சல் வந்து சொல்லாது. போஸ்டிங் வரப் போகிறது என்று தெரிந்தால் புது முகவரி வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். லீவில் வரப் போகிறார் என்றாலும் அப்படியே.

"மூணு வாரமா போன் இல்லை. இந்த நேரத்துல பார்சல் அனுப்பலாமா, வேணாமா?"

அனுப்புங்கள். முன்னணிப் போஸ்டில் டவர் இருக்காது, சில நேரம் போனையே வாங்கி வைத்துவிடுவார்கள். போன் போகாத இடத்துக்கும் தபால் ஏதாவது ஒரு வழியில் போய்ச் சேரும். வழக்கத்தைவிட ரொம்ப நாள் தாண்டிவிட்டது, மனம் கேட்கவில்லை என்றால் உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பெயரில் முன்னாள் என்று இருந்தாலும் இப்போது சர்வீஸில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் உதவுவார்கள். படை எண்ணும் யூனிட் பெயரும் எழுதி எடுத்துப் போங்கள்.

"தினமும் வீடியோ கால்ல பேசுறோமே, லெட்டர் எதுக்கு அக்கா?"

முந்தைய பதிலிலேயே பாதி இருக்கிறது, எல்லா இடத்திலும் கால் கிடைக்காது. கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம். பெரிதாக எழுத வேண்டாம். மாடு கன்று போட்டது, ஏரி நிரம்பியது, பாப்பா எழுதிய முதல் 'அ' இதெல்லாம் போதும். கடன், பாகப் பிரிவினைச் சண்டையை அதில் எழுதாதீர்கள். அவசரம் என்றால் போனில் பேசிவிடலாம். கடிதம் சேர்வதற்குள் சண்டையே முடிந்திருக்கும், அவன்தான் அங்கே தூங்காமல் கிடப்பான். கடைசியில் பெட்டியில் என்னென்ன வைத்தீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள், எல்லாம் வந்ததா என்று அவன் சரிபார்த்துச் சொல்லலாம்.

"எங்க வீட்ல யாரும் மிலிட்டரியில இல்லை. பொதுவா ஜவான்களுக்கு பலகாரம் அனுப்ப முடியுமா?"

நல்ல மனசு. ஆனால் முன்பின் தெரியாதவர் அனுப்பிய தின்பண்டத்தை எந்த யூனிட்டும் சாப்பிடக் கொடுக்காது, பாதுகாப்புக்காகத்தான். அந்தப் பணத்தைப் படைவீரர் கொடி நாள் நிதிக்குக் கொடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 7 கொடி நாள். மேலே சொன்ன மாவட்ட அலுவலகத்திலேயே வாங்கிக்கொண்டு ரசீது தருவார்கள். படையில் இறந்தவர்களின் குடும்பம், ஊனமுற்ற வீரர்கள், ஓய்வு பெற்றவர்கள் ஆகியோருக்கு அது போகிறது. உங்கள் தெருவில் யாராவது பிள்ளைக்குப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தால் அவர்களிடமும் ஒரு கவர் எள்ளுருண்டை கொடுத்துவிடலாம்.